ஜன்னலோரத்து அப்பா

"கேக்குறது வேற, கத்துக்கிறது வேற சார். நீங்க கேக்கக்கூட மாட்டேங்கிறீகளே!"

யோகலட்சுமி டீச்சரின் குரல் உயர்ந்துவிட்டது.

சாத்தூரில் காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளி அது. சனிக்கிழமை காலையில் பெற்றோர்களுக்குச் சைகை மொழி வகுப்பு. மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து டீச்சரின் கையையே பார்த்துக்கொண்டிருக்க, சூர்யபிரகாஷ் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். பட்டாசுக் கம்பெனி முதலாளி.

"சீசன் நேரம் டீச்சர். தீபாவளி ஆர்டர் நெருக்குது. அவுக நெனப்பெல்லாம் கம்பெனியிலதான் இருக்கு" என்று சமாளித்தாள் மனைவி ஸ்ரீமதி.

"ஆர்டர் அடுத்த வருசமும் வரும்மா. பிள்ளைக்கு இந்த வயசு திரும்ப வருமா?"

பின் பெஞ்சில் யாரோ, "பெரிய இடத்து ஆளுக, அப்படித்தான்" என்று முணுமுணுத்தார்கள்.

"சரி சார். 'பசிக்குது', செஞ்சு காட்டுங்க பாப்போம்."

சூர்யபிரகாஷ் கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டு வயிற்றைத் தட்டினார்.

வகுப்பே சிரித்தது. ஸ்ரீமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் இப்படியா சொல்லித் தந்தேன்?"

"இல்ல டீச்சர்."

அவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இடைவேளை விட்டார்கள். பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். சூர்யபிரகாஷின் மகள் அனுப்பிரியா அம்மாவைத் தாண்டி அப்பாவிடம் ஓடினாள். கன்னத்தை உள்ளே இழுத்து, வயிற்றைத் தட்டினாள்.

அவர் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தார். பிறகு இருவரும் கையாலேயே பேச ஆரம்பித்தார்கள். அந்த வேகத்தில் டீச்சருக்கே பாதி புரியவில்லை.

"எங்க சார் படிச்சீக இதெல்லாம்?"

"இங்கனதான் டீச்சர். நீங்க வகுப்பு எடுக்கிறப்ப வெளியே பிள்ளைகளுக்கு விளையாட்டு பீரியடு. அதுக தங்களுக்குள்ள என்ன பேசிக்கிடுதுன்னு பாத்துக்கிட்டே நிப்பேன். எம் மக பேசுறது அந்தப் பேச்சுத்தான?"

அதற்குள் அனுப்பிரியா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இல்லாத மீசையை முறுக்கிக் காட்டினாள். இரண்டு கைகளையும் சட்டென்று விரித்தாள். பிறகு அப்பாவின் நெஞ்சில் விரலால் குத்தினாள்.

அவர் முகம் மாறிவிட்டது.

"என்னங்க கேக்குறா?" என்றாள் ஸ்ரீமதி.

"தெனமும் நான் கம்பெனிக்குக் கெளம்பும்போது காலைக் கட்டிக்கிட்டு அழுவால்ல? பிடிவாதம் பிடிக்கிறான்னு திட்டுனோமே..."

"ஆமா?"

"சித்தப்பா மாதிரி நீயும் வராமப் போயிருவியான்னு கேக்குறா."

போன வருடம் கம்பெனி வெடி விபத்தில் இறந்துபோன அவருடைய மீசைக்காரத் தம்பியைப் பற்றி வீட்டில் யாரும் அவளிடம் சொன்னதில்லை. காது கேக்காத பிள்ளைக்கு என்ன தெரியப்போகுது என்று விட்டுவிட்டார்கள்.

ஸ்ரீமதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அனுப்பிரியா அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சூர்யபிரகாஷ் டீச்சர் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"விளையாடுற பிள்ளைககிட்ட இதுக்குப் பதில் படிக்க முடியல டீச்சர். 'அப்பா கண்டிப்பா வந்துருவேன்'னு எப்படிச் சொல்லணும்? நீங்கதான் சொல்லித் தரணும்."