நடுங்கிய பீரோ

"கோர்ட் அமீனா வர்றாரு!"

தெருமுனையில் குரல் கேட்டதுதான் தாமதம். தச்சு மேஸ்திரி உஸ்தா ஷுக்ரி உளியைப் போட்டுவிட்டு, தானே செய்து நிறுத்தியிருந்த மூன்று கதவு பீரோவுக்குள் புகுந்து, உள்பக்கமாக இழுத்துச் சாத்திக்கொண்டார்.

நைல் நதி கடலில் சேரும் இந்தத் தும்யாத் ஊரில் பீரோ செய்கிறவர்கள் ஆயிரம் பேர் உண்டு. பீரோவுக்குள்ளேயே குடியிருந்தவர் இவர் ஒருத்தர்தான்.

உள்ளே கபரில் இறக்கின மாதிரி இருட்டு. வெளியே பூட்ஸ் சத்தம்.

அமீனா, இரண்டு போலீஸ், பின்னால் வெள்ளைக் காரிலிருந்து ஹாஜி ஃபத்ஹல்லா. அவரோடு அண்ணன் மகள் நஜ்லா.

செத்துப்போன மர வியாபாரி பத்ராவியின் இளைய மகள் அவள். பத்ராவியிடம் கடனுக்கு மரம் எடுத்தவர் ஷுக்ரி. அந்தப் பணம் இப்போது நஜ்லாவுக்குச் சேர வேண்டும். அவளுக்கு வயது நிரம்பாததால் சித்தப்பா ஹாஜிதான் கார்டியன். அக்காவுக்கும் அவர்தான் இருந்தார். தீர்ப்பாகி இரண்டு வருஷம். பணம்தான் வந்தபாடில்லை.

"உஸ்தா எங்கம்மா?" என்றார் அமீனா.

"மௌத்து வீட்டுக்குப் போயிருக்காரு," என்றாள் மனைவி சோஹேர்.

"போன தடவையும் மௌத்து வீடுதான். ஊர்ல யாரும் மிஞ்ச மாட்டாங்க போலிருக்கே!"

அமீனா பீரோவைத் தட்டினார். பீரோ நடுங்கியது.

"இது ஏம்மா ஆடுது?"

"மரம் இன்னும் காயலைங்க."

"சரி, இதையும் ஜப்தியில எழுதிக்கறேன்."

"தொடாதீங்க! அது என் சீதனம்!" அங்கிக்குள்ளிருந்து ஒரு தடை மனுவை உருவினாள் சோஹேர்.

"கல்யாணமாகி முப்பது வருஷமாச்சு. இன்னுமா மரம் காயல?"

"நல்ல மரம் அப்படித்தான்."

அமீனா பல்லைக் கடித்தார். புது மனு வந்துவிட்டால், அதை விசாரிக்கும் வரை அவர் கை வைக்கக் கூடாது. போன தடவை 'ரம்பம் என்னுடையது' என்று மச்சான் மனுப் போட்டார். அதற்கு முந்தி மச்சானின் மச்சான். மனுப் போடாதது அந்த வீட்டுப் பூனை ஒன்றுதான். அதையும் வக்கீல் யோசித்துப் பார்த்தாராம். கையெழுத்து வராது என்று விட்டுவிட்டார்.

நஜ்லா பீரோ முன்னால் வந்து நின்றாள்.

"உள்ளதான் இருக்கீங்கன்னு தெரியும், ஷுக்ரி மாமா. வாப்பா உங்களைக் கூடப்பொறந்தவரா நெனச்சாரு. அக்கா மாதிரி நானும் வெறுங்கையோடதான் கல்யாணமாகிப் போகணுமா? அனாதை காசைத் தின்னா ஜீரணமாகுமா?"

பீரோ முன்னைவிடப் பலமாக நடுங்கியது.

ஹாஜி சும்மா விடவில்லை. பொய் வழக்காடி வசூலைத் தடுத்ததற்கு, நஜ்லா பெயரில் நஷ்டஈடு கேட்டுத் தனி வழக்குப் போட்டார்.

நீதிபதி கேஸ் கட்டை எடுத்துப் புரட்டினார். "தலைக்கு ஒரு மனுன்னு குடும்பமே வந்தாச்சு. நீர் ஒளியறதுக்கு கோர்ட் என்ன இன்னொரு பீரோவா? எல்லாம் தள்ளுபடி. இழுத்தடிச்சதுக்கு ஐம்பதாயிரம் பவுண்டு நஷ்டஈடு. கட்டலேன்னா ஞாயித்துக்கிழமை பட்டறை ஏலம்."

ஷுக்ரி எழுந்தார். "ஐயா... ஞாயிறுதானே? வியாழன் இல்லையே?"

கோர்ட்டே சிரித்தது.

"தூக்குல போடற நாளை சரிபாக்கறான் பாரு," என்றார் ஹாஜி.

ஞாயிறு காலை பட்டறை வாசலில் கூட்டம். அமீனா தட்டுவதற்கு முன்பே பீரோ திறந்தது. மாவுப் பை ஒன்றைக் கட்டிப் பிடித்தபடி ஷுக்ரி இறங்கினார். நடுக்கம் நிற்கவில்லை.

"முழுக் கடனும் இருக்கு. நஷ்டஈடும் சேத்துத்தான்."

ஹாஜி இரண்டு கையையும் நீட்டினார். ஷுக்ரி அவரைச் சுற்றிக்கொண்டு போய், பையை நஜ்லாவின் கையில் வைத்தார்.

"ஏய்! கார்டியன் நான்!"

"நேத்து வரைக்கும், ஹாஜி. நேத்தோட பொண்ணுக்கு இருபத்தொண்ணு முடிஞ்சுது. இனி அவ காசை அவதான் வாங்கணும். சட்டம் அப்படித்தானே, அமீனா?"

அமீனா தொண்டையைச் செருமிக்கொண்டு ரசீதை நஜ்லா பக்கம் திருப்பினார்.

"அப்ப அந்த நஷ்டஈடு...?" ஹாஜிக்குக் குரல் இறங்கிவிட்டது.

"நீங்க கஷ்டப்பட்டு வாதாடி வாங்கினது. அதுவும் பொண்ணுக்குத்தான்."

நஜ்லா பையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பணத்தைக் கையில வச்சுக்கிட்டா மாமா, உள்ள அப்படி நடுங்குனீங்க?"

ஷுக்ரி வாசலில் நின்ற வெள்ளைக் காரைப் பார்த்தார்.

"உங்க அக்கா பங்கு அதோ நாலு சக்கரத்துல நிக்குதும்மா. உன் பங்கு மேல நான் உக்காந்திருந்தேன். கதவைத் திறந்துட்டாங்கன்னா?"