கடைசி நம்பர்

"அடுப்புக்கரி மாதிரி ஒண்ணைக் கொண்டாந்து சரி பண்ணுங்கன்னா, நான் என்ன மந்திரமா போடுறேன்?"

பிரிஸ்கில்லா அந்தப் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீட்டிலிருந்தே போன் அடித்து வயல் கிணற்று மோட்டாரை ஓடவைக்கும் கருவியின் போர்டு அது.

"மோட்டார் ஓட வேணாங்க்கா. கடைசியா எந்த நம்பர்லருந்து போன் வந்துச்சுன்னு இது சொன்னாப் போதும்."

எதிரே தரையில் உட்கார்ந்திருந்த நாகஜோதி அகரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது.

முன்னறை முழுக்க முட்டை அட்டைகள். செத்த போர்டுகளிலிருந்து கழற்றிய சாமான்கள் குழிக்கு ஒரு வகையாகக் கிடந்தன.

"சும்மா உக்காந்து அழுகாத. இந்த ரெசிஸ்டரையெல்லாம் கலர் கோடு பார்த்துப் பிரி. மாத்திப் போட்டே, அப்புறம் என் வாய்க்கு நான் பொறுப்பில்ல."

நாகஜோதி பிரித்தாள். மல்லிகை மொட்டு ஆய்ந்து பழகிய விரல்கள். ஒன்றுகூட மாறவில்லை.

"என்னதான் நடந்துச்சு?"

"நாலஞ்சு நாளா மோட்டார் மக்கர் பண்ணுச்சுக்கா. வயரு ஜாயின்ட்டப் பார்ப்போம்னு எங்க வீட்டுக்காரரு கிணத்துக்குள்ள இறங்குனாராம். கரண்ட் இல்லாத நேரம். திடீர்னு கரண்ட் வரவும், யாரோ போன் அடிச்சு மோட்டாரப் போட்டுட்டாக. ஷாக்கடிச்சு அங்கயே போயிட்டாரு."

"இதுல யாரு யாரு நம்பர் ஏத்திருக்கு?"

"அவுக நம்பரு, என் நம்பரு, அவுக அண்ணன் வேலுசாமி நம்பரு. எங்க வீட்டுக்காரரு போனு கிணத்து மேட்டுல கிடந்துச்சு. நான் மோட்டாருக்கு அடிச்சது எடுபடவே இல்ல. மோட்டார் ஓடுனா ரெண்டு ரிங்குலயே போனு தானா கட்டாகும்ல? அன்னைக்கு அடிச்சுக்கிட்டே கிடந்துச்சு, வச்சுட்டேன். கிணத்துப் பங்குக்கு மல்லுக்கட்டுன மனுசன் வேற யாரு?"

"அவர்கிட்டக் கேட்டியா?"

"கேட்டேன். 'ஆமா, நான்தான் போட்டேன்'னு சொல்லிட்டாரு. நாளைக்கு ஊர்க்கூட்டம். அங்க வந்து மாத்திப் பேசுனா நான் என்ன செய்ய? இது பேசுனாத்தான் எனக்கு நியாயம்."

வாசலில் மொபெட் வந்து நின்றது.

"பாருங்க, பின்னாலயே வந்துட்டாரு!" நாகஜோதியின் முகம் இறுகியது.

வேலுசாமி உள்ளே வரவில்லை. துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றார்.

"ஏம்மா, அது தேறாதுன்னு சொல்லிக் குடுத்தனுப்பு. நான்தான் ஒத்துக்கிட்டேன்ல? கூட்டத்துலயும் அதையேதான் சொல்வேன்."

"அப்புறம் எதுக்குண்ணே இம்புட்டு வேர்க்குது?" என்றாள் பிரிஸ்கில்லா.

"ஊரை விட்டுப் போகச் சொன்னாலும் போறேன். அந்தப் போர்ட மட்டும் குடுத்துரு."

அவர் கை நீண்டது. நாகஜோதி பாய்ந்து குறுக்கே நின்ற வேகத்தில் முட்டை அட்டை கவிழ்ந்தது. பிரித்து வைத்ததெல்லாம் தரையில் சிதறியது.

"ஒரு உசுரு பத்தலையா? தொட்டீங்க, தெருவையே கூட்டிருவேன்!"

அவர் கையை இழுத்துக்கொண்டார்.

பிரிஸ்கில்லா குனிந்து வேலையைப் பார்த்தாள். நம்பர்களைச் சேமித்து வைக்கும் சில்லு மட்டும் கருகாமல் தப்பியிருந்தது. அதைப் பதமாகக் கழற்றி, அதே மாதிரியான வேறொரு பழைய போர்டில் ஈயம் உருக்கிப் பொருத்தினாள்.

"போனைக் கட் பண்ற பார்ட்டு முன்னாடியே போயிருக்கு. மோட்டார் ஓடும், மணி மட்டும் நிக்காது..." என்று தனக்குள் முணுமுணுத்தாள்.

நாகஜோதி அதைக் காதில் வாங்கவில்லை. அவள் கண் வேலுசாமியின் சட்டைப் பையில் புடைத்திருந்த போனிலேயே இருந்தது.

அந்தப் போர்டின் சின்னத் திரை மினுக்கியது. ஒரு நம்பர் வந்து நின்றது.

"இது யாரோடது?"

"எனக்கு நம்பரெல்லாம் தெரியாதுக்கா, பேரைத் தொட்டுத்தான் அடிப்பேன். நீங்களே அடிங்க. அவரு பையில மணியடிக்கிறத எல்லாரும் கேப்போம்."

"வேணாம்மா!" வேலுசாமி படி தாண்டி உள்ளே வந்துவிட்டார். "உன் கால்ல வேணா விழுகுறேன்."

அதற்குள் பிரிஸ்கில்லா அடித்துவிட்டாள்.

வேலுசாமியின் சட்டைப் பை சும்மா இருந்தது. சிதறிக் கிடந்த சாமான்களுக்கு நடுவே, நாகஜோதியின் மஞ்சள் பைக்குள்ளிருந்து மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்காத தாயி," என்றார் வேலுசாமி.