கர்ச்சீப் குரல்

மூன்றாவது முறையாக அந்தக் குரல் கூப்பிட்டபோது, மைசூருவின் அந்த வானொலி நிலையச் செய்தி அறையில் பாக்கியலட்சுமி மட்டும்தான் இருந்தாள். வாயில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு பேசுகிற ஆண் குரல். பேசுவது எப்போதும் கன்னடம்.

“சம்பிகே லேஅவுட், ஐந்தாவது கிராஸ் தெரு. ரிட்டயர்டு தபால் அதிகாரி வீட்டுக் காம்பவுண்டில் இருந்த சந்தன மரம் போய்விட்டது. அடிமரத்தின் சுற்றளவு இரண்டே முக்கால் அடி. ரம்பத்தால் அறுத்திருக்கிறார்கள். நியூஸில் சொல்லுங்கள்.”

போன் வைக்கப்பட்டது.

விசாரிக்காமல் எதையும் வாசிக்கிற பழக்கம் பாக்கியலட்சுமிக்கு இல்லை. தபால் அதிகாரியைத் தேடிப்பிடித்துப் பேசினாள்.

“ஆமாம்மா, முந்தாநாள் போச்சு. பன்னிரண்டு வருஷம் வளர்த்த மரம். ஸ்டேஷன்ல சொன்னேன். வந்து பார்த்தாங்க, எழுதிக்கிட்டாங்க. அப்புறம் இன்ஸ்பெக்டர், ‘ஒரு மரத்துக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட முடியுமா பெரியவரே’ன்னு திருப்பி அனுப்பிட்டார்.”

சாயங்காலச் செய்தியில் அவளே வாசித்தாள். இன்ஸ்பெக்டருக்கு மேலிடத்திலிருந்து போன் போனது. மறுநாள் காலையில் எஃப்.ஐ.ஆர். தயார். இதற்கு முந்தைய இரண்டு மரங்களுக்கும் இதே கதைதான்.

“பேப்பர்க்காரங்களுக்கே கிடைக்காத நியூஸ்!” என்று செய்தி ஆசிரியர் ஹேமந்த் பூரித்துப் போனார்.

பாக்கியலட்சுமிக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. சுற்றளவு வரைக்கும் அந்த ஆளுக்கு எப்படித் தெரிகிறது?

அன்று மத்தியானமே போலீஸ் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர், கூடவே நோட்டும் பேனாவுமாக ஏட்டம்மா கெம்பம்மா. மேஜை மேலிருந்த பெயர்ப் பலகையைப் படித்ததும் சப்-இன்ஸ்பெக்டர் தமிழுக்கு மாறினார்.

“தமிழுங்களா? நமக்குத் தமிழ்நாட்டு எல்லையில ஹனூர்ப் பக்கமுங்க. பேரு பழனிமுத்து.”

டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“அந்த மரத் தகவல் சொல்ற ஆளு இந்த லேண்ட்லைனுக்குத்தான் கூப்பிடறானுங்களா?”

“ஆமா சார்.”

“இதுல வர்றதெல்லாம் ரெக்கார்டு ஆகுமுங்களா?”

“ஆகும் சார்.”

பழனிமுத்து கிளாஸைக் கீழே வைத்தார். கெம்பம்மா ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

“அப்படின்னா அதைக் குடுத்துருங்க. குரலை வெச்சு ஆளைப் பிடிச்சிரலாம். இன்ஸ்பெக்டர் கையோட வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கார்.”

“தகவல் சொன்னவரைக் காட்டிக்கொடுக்க முடியாது சார்.”

“ஏனுங்க, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மரத்தோட சுத்தளவு அவனுக்கு எப்படித் தெரியும்? வெட்டினவனுக்குத்தானுங்களே தெரியும்?”

அவள் பயந்ததையே இந்த மனுஷன் சொல்லிவிட்டார்.

“திருடனுக்கு உடந்தைன்னு உங்க பேரையும் சேர்க்கணும்ங்கறார் இன்ஸ்பெக்டர்.”

ஹேமந்த் அவளை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். “கொடுத்துடு பாக்யா. யாரோ ஒரு மரத் திருடனுக்காக நீ ஏன் ஸ்டேஷன் படி ஏறணும்?”

அவர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. மண்டி மொஹல்லா வீட்டில் அவள் மாமியாருக்கு ரேடியோ வேலை என்றாலே இளக்காரம். போலீஸ் கேஸ் வேறு என்றால் கேட்கவே வேண்டாம். ஆனாலும் முகம் தெரியாத ஒருவன் தன்னை நம்பி மூன்று முறை கூப்பிட்டிருக்கிறான். மூன்று முறையும் அவன் சொன்னது நிஜம்.

உள்ளே போனாள்.

“கோர்ட் உத்தரவு கொண்டு வாங்க சார், தர்றேன். இல்லேன்னா முடியாது.” மாநிலமே கேட்கும்போதும் நடுங்காத குரல், மூன்று பேர் முன்னால் நடுங்கியது.

“இதுதான் உங்க முடிவுங்களா?”

“ஆமா சார்.”

பழனிமுத்து அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி, “எழுதிக்குங்க கெம்பம்மா. தர மறுத்துவிட்டார்னு. இவங்க செல் நம்பரையும் குறிச்சுக்குங்க” என்றார். மிச்ச டீயைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஹேமந்த் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே வக்கீல் வீட்டுப் பத்திரம் பதிகிறவர்.

அரை மணி நேரம் கழித்து பாக்கியலட்சுமியின் கைபேசி ஒலித்தது. தெரியாத நம்பர்.

“நான்தான்” என்றது கர்ச்சீப் குரல், கன்னடத்தில். “லேண்ட்லைன் ரெக்கார்டு ஆகுமாமே. அதனால்தான் இதில் கூப்பிடுகிறேன்.”

அவள் வராந்தாவுக்கு ஓடினாள். “ஐயோ, இனிமே இங்கே கூப்பிடாதீங்க!” என்று அவளும் கன்னடத்திலேயே கிசுகிசுத்தாள். “போலீஸ் உங்களைத் தேடுது. உங்க குரல் ரெக்கார்டைக் கேட்டு இங்கேயே வந்துட்டாங்க. நான் கொடுக்கலை. ஆனா எத்தனை நாள் தாங்கும்னு தெரியலை.”

மறுமுனையில் மெல்லிய சிரிப்பு. இந்த முறை கர்ச்சீப் இல்லை. கன்னடமும் இல்லை.

“தெரியுமுங்க. நீங்க மட்டும் அந்த ரெக்கார்டைக் குடுத்திருந்தீங்கன்னா, கெம்பம்மா கண்ணு முன்னாலயே என்னை நானே அரெஸ்ட் பண்ணி ஜீப்புல ஏத்தியிருக்கணுமுங்க.”