செம்புக்குள் இறங்கிய ஊதா

பூங்கோதை நீர்வண்ணப் பெட்டியைத் திறந்ததும் பித்தளைச் செம்பு முன்னால் வந்து நின்றது. முந்தின நாள்தான் புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள்.

"நீ அந்தப் பக்கம் தள்ளிக்கோ," என்றது பழைய முறத்திடம். "உன் ஓட்டையை அடைக்க மேலெல்லாம் வெந்தயமும் காகிதமும் அரைச்சு அப்பியிருக்கு. படம் கெட்டுடும்."

முறம் சுவரோரம் ஒண்டிக்கொண்டது.

பூங்கோதை செம்பைத்தான் முதலில் எடுத்தாள். அதில் தண்ணீர் பிடித்துவந்து, முறத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தூரிகை கழுவ ஒரு பாத்திரம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

செம்பின் முகம் சுருங்கிப்போனது. ஆனால் தூரிகை முங்கும்போதெல்லாம் அதன் வயிற்றுக்குள் ஒரு நிறம் கரைந்தது. மூங்கில் விளிம்புக்குத் தீட்டிய தேன் நிறம் வந்தது. வெந்தயப் பூச்சுக்குத் தீட்டிய மஞ்சள் வந்தது. பூச்சின் வெடிப்புகளில் விழுந்த நிழலுக்குத் தீட்டிய ஊதாகூட வந்தது.

"அடடே, இத்தனையும் உன்கிட்டயா இருந்துச்சு?" என்றது செம்பு.

"நானும் இப்பத்தான் கேள்விப்படறேன்," என்றது முறம்.

படம் முடிந்து தண்ணீரைக் கொட்டியபோது, செம்பின் உள்ளே மெல்லிசாக ஓர் ஊதாக் கோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் பூங்கோதை புளியோடு வந்து செம்பைத் தேடினாள். அது உருண்டுபோய் முறத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.