கட்டைவிரலின் குரல்

ஐஸ் கம்பெனித் தொழிலாளி லூர்துவின் கட்டைவிரலை இயந்திரம் துண்டித்துவிட்டது. அதைத் திரும்ப வைத்துத் தைத்து இரண்டு நாளாகியும் கறுத்தே கிடந்தது. மதியம் எடுத்துவிடலாம் என்று டாக்டர் எழுதிவிட்டார். அதில் உயிர் இருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை கருவியால் கேட்டுப் பார்க்க வந்தாள் டெக்னீஷியன் முத்துப்பேச்சி.

அவள் கருவி நூறு அலைவரிசை மின்சாரத்தை ஒரே நொடியில் சதைக்குள் அனுப்பும். உயிருள்ள சதை பல குரலில் பதில் பாடும். செத்த சதை வெறுமனே இரையும்.

கருவியின் முனையை விரலில் வைத்ததும் அதன் ஸ்பீக்கரில் குரல்கள் பொங்கி எழுந்தன. "உசிரு இருக்குண்ணே!" என்று கத்திவிட்டாள். அப்புறம்தான் கவனித்தாள்: அவசரத்தில் கையுறை போடாமல் அவன் விரலைத் தாங்கிப் பிடித்திருந்தாள். பாடியது அவள் சதை.

அவன் முகத்தைப் பார்க்கத் துணியாமல் அந்தக் கையை எடுத்தாள். குரல்கள் அடங்கி இரைச்சல் மட்டும் மிஞ்சியது. கருவியை அணைக்கப் போனவளை லூர்து தடுத்தான்.

"பொறு தாயி. அடியில ஏதோ கேக்கு."

மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். இரைச்சலுக்கு அடியில், பிறந்த குழந்தையின் முனகல் போல, இரண்டு மூன்று மெல்லிய குரல்கள்.

"யாரு தாயி அது?"

முத்துப்பேச்சி ஸ்பீக்கரின் ஒலியைக் கூட்டினாள்.

"நீங்கதாண்ணே."