கொசுறாகக் கேட்ட குதிரைக்காரன்

பார்க்கக் கூடாது.

பார்த்தால் விலை ஏறும்.

அவன் குனிந்து, வருமான வரிச் சட்ட விளக்கத்தை எடுத்தான். தலையணை கனம். காலாவதியாகிப் பல பட்ஜெட் ஓடியிருக்கும். அது இருந்த இடத்துக்குப் பக்கத்தில், சமையல் புத்தகத்துக்கும் ரயில்வே கால அட்டவணைக்கும் நடுவே, பாதி முகம் தெரிந்தது.

வெள்ளைத் தொப்பி. குதிரையின் ஒரு காது.

வரைந்த அட்டை இல்லை. புகைப்படம். டிவி தொடரில் நடித்தவனையே குதிரையில் ஏற்றிப் படம் பிடித்து, அட்டையில் போட்டு காமிக்ஸ் விற்ற காலம் அது. தொடர் நின்றால் காமிக்ஸும் நிற்கும். இந்தத் தொடர் பாதியில் நின்றது. கதையை முடித்துவைக்க ஒரே ஓர் இதழ் மட்டும் போட்டார்கள். நின்றுபோன தொடரை எவன் வாங்குவான்? கொஞ்சமாகத்தான் அச்சடித்தார்கள்.

அந்த இதழ்.

தொடரை அவன் பார்த்ததே இல்லை. அது அமெரிக்காவில் ஓடியபோது மெட்ராஸில் டிவியே கிடையாது. கப்பல்காரர்கள் படித்துத் தூக்கிப்போட்டவை பழைய புத்தகக் கடைகளுக்கு வந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்தான். எல்லாம் பீரோவில், பிளாஸ்டிக் உறைக்குள். கடைசிக்கு முந்தைய இதழின் கடைசிக் கட்டத்தில், கதாநாயகனான ஷெரீஃபின் தம்பி நிற்கிறான். கழுத்தில் தூக்குக் கயிறு. செய்யாத கொலைக்கு.

இவன் கல்லூரியில் படித்த காலத்திலிருந்து நிற்கிறான்.

இணையத்தில் ஒருமுறை ஏலத்துக்கு வந்தது. டாலரில் கேட்டார்கள். கணினியை மூடிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

"இது எவ்வளவும்மா?"

நடைபாதையில் தார்ப்பாய் விரித்திருந்த பல்கீஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. திருவல்லிக்கேணியில் ஞாயிறுதோறும் அவள் கடை. பழைய புத்தகத்தைத் தராசில் எடை போட்டு வாங்குவாள். ஆளைக் கண்ணால் எடை போட்டு விற்பாள்.

சொன்னாள். அநியாய விலை.

"பழைய சட்டம்மா. இதை வச்சு வரி கட்டினா ஜெயிலுக்குத்தான் போகணும்."

"நீங்க என்னா, கட்டவா போறீங்க?"

பாதி விலைக்குக் கேட்டான். அவள் சிரித்தாள். சட்டத்தை வைத்துவிட்டு எழுந்து நடந்தான். அவள் கூப்பிடவில்லை. டீக்கடை வரை போய், ஏதோ மறந்தவன்போலத் திரும்பி வந்தான்.

ஒரு தடியன் உட்கார்ந்து கால அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தான். அவன் முழங்கை குதிரையின் காதில் பட்டது.

பார்க்கக் கூடாது.

சட்டத்தை மறுபடி எடுத்துக்கொண்டு, "போணிகூட ஆகல போலிருக்கு," என்றான் பல்கீஸிடம். "பார்த்துச் சொல்லு."

"போணிக்காகத்தான் சார் இந்த விலை."

அவளுக்கு போன் வந்தது. பேசினாள். யாருக்கோ மருமகள் சரியில்லை. பேசினாள். பேசினாள். சட்டம் அவன் கையில் கனத்தது. தேவையே இல்லாத ஒரு புத்தகத்துக்காக ஒரு மனிதன் இவ்வளவு நேரம் தவம் கிடக்க வேண்டுமா?

தடியன் எழுந்து போனான். கால அட்டவணையோடு மட்டும்.

போனை வைத்தாள்.

"சரி, நீ கேட்டதையே தரேன்." கொட்டாவி விடுவதுபோல வாயைத் திறந்துகொண்டான். "கொசுறா எதையாவது போடு. அந்தக் குதிரைப் படம் இருக்கே, அதுகூடப் போதும். பேரன் கிழிச்சு விளையாடுவான்."

அவனுக்குப் பேரன் இல்லை. கல்யாணமே ஆகவில்லை.

"கிழிக்கத்தானே? எடுத்துக்குங்க."

ஜெயித்துவிட்டான். முகத்தில் எதுவும் காட்டவில்லை. அதற்குத்தான் இத்தனை வருடப் பயிற்சி.

பல்கீஸ் குதிரைக்காரனை உருவினாள். முழு முகமும் வெளியே வந்தது. கசங்கல் இல்லை. கறை இல்லை. அவன் வானத்தைப் பார்த்தான்.

வானம் தூறியது. பல்கீஸ் அவன் கையிலிருந்த சட்டத்தை வாங்கித் தன் முன்னால் வைத்தாள்.

"சட்டம் நனஞ்சுடும் சார். எப்படியும் கிழிக்கிறதுதானே? இந்த அட்டையச் சுத்தித் தரேன்."

ஸ்டேப்ளர் பின் அடித்த இடத்தில் அவள் கட்டைவிரல் நுழைந்தது.

டக்.

ஒரு பின் தெறித்தது.

"ஐயோ!"

தெருவே திரும்பிப் பார்த்தது. டீக்கடையில் ஒருவன் யாருக்கோ அடிபட்டதென்று எழுந்துவிட்டான்.

அவள் விரல் நின்றது.

அட்டையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து முதல்முறையாக, நிதானமாக.

பிறகு வருமான வரியைத் தூக்கி அவன் பக்கம் வைத்தாள். காமிக்ஸைத் தன் மடியில் வைத்து, முந்தானையால் மூடினாள், மழை படாமல்.

"இப்பச் சொல்லுங்க சார். இதுல எது கொசுறு?"

தூறல் வலுத்தது.

கயிறு இறுகியதுபோல அவன் கை தானாகக் கழுத்துக்குப் போனது. சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினான்.