மாதிரிக் கிண்ணம்

"பிளாஸ்டிக் கிண்ணம் வார்க்கிற அச்சு உடனேன்னா எப்படிங்க? வரைபடம், கடைசல், மெருகுன்னு எட்டு வாரம் ஆகும்," என்றார் அச்சுப் பட்டறைக்காரர். அச்சு செய்யச் சொல்லி வந்தவர் மாதிரியைக் கொடுத்துவிட்டுப் போனார். புழங்கிப் பழசான குழந்தைக் கிண்ணம், பிளாஸ்டிக். அடியில் மயிரிழை போல ஒரு மேடு, விளிம்பில் பால்பல் கடித்த தடம். இரண்டையும் தவிர்த்துவிட்டுப் பட்டறைக்காரர் வரைபடம் போட்டார்.

அச்சுக்கு மெருகேற்றும் கடைசி வாரத்தில் மனைவி ஃபோன் செய்தாள்.

"ஏங்க, இத்தனை வருஷம் கழிச்சு நம்ம வீட்டுக்கும் ஒரு ஆள் வரப்போகுது. முதல் கிண்ணம் நமக்குத்தான்!"

சந்தோஷத்தில் கை தவறி, அரம் அச்சின் அடியில் கீறிவிட்டது. கீறல் விழுந்த இடம் கிண்ணத்தில் மேடாகத் தெரியும். "அடியில யார் பாக்கப் போறாங்க" என்று விட்டுவிட்டார்.

முதல் கிண்ணத்தை மாதிரியோடு வைத்துப் பார்த்தார். அதே இடத்தில் அதே மேடு. புதுக் கிண்ணத்தின் விளிம்பில் பல் தடம் மட்டும் இன்னும் விழவில்லை.